பட்டம் பெற்ற பின் சந்திரசேகர் தேடிய இடம்

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இன்று அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் பட்டம் வரை படிக்கின்றனர். அதற்குப் பிறகு எங்கே போவது என்று என்னிடம் கேட்பார்கள். பல்கலைக்கழகங்களில் ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் கிடைக்கும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிதான் அடுத்த படி. அந்தப் படியில் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரும் தவித்து நின்றிருக்கிறார். அவர் கதையைத்தான் அவர்களுக்குச் சொல்வேன்.

தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். மாணவராக இருக்கும்போதே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஃபவுலருக்கு அனுப்பினார். அவரைச் சந்திரசேகர் அதுவரை நேரில் பார்த்ததில்லை. கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இந்திய அரசின் உதவித்தொகையுடன் கப்பலேறி, அதே ஃபவுலரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

1933இல் முனைவர் பட்டம் கிடைத்தது. உதவித்தொகையோ முடிந்துவிட்டது. ஊரில் தந்தை அவர் திரும்பி வருவதை எதிர்பார்த்திருந்தார். டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்கு உலகின் சிறந்த மாணவர்கள் போட்டியிட்டனர். வாய்ப்பு குறைவு என்று தெரிந்தும் சந்திரசேகர் விண்ணப்பித்தார். கிடைக்காவிட்டால் ஆக்ஸ்ஃபர்டில் பேராசிரியர் மில்னுடன் பணியாற்றவும் ஏற்பாடு செய்துகொண்டார். மூட்டை முடிச்சுகளுடன் கிளம்பியவர், போகும் வழியில் கல்லூரி அறிவிப்பைப் பார்த்தார். அதில் அவர் பெயர் இருந்தது! இராமானுஜனுக்குப் பிறகு அந்தப் பதவியைப் பெற்ற இந்தியர் அவரே.

அதோடு சோதனை முடியவில்லை. 1935 ஜனவரியில், விண்மீன்களின் இறுதி நிலை பற்றிய அவருடைய முடிவை, புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அறிஞர் சபையிலேயே கேலி செய்தார். தனிமையில் சந்திரசேகரை ஒப்புக்கொண்ட பெரியவர்கள்கூட வெளியில் வாய் திறக்கவில்லை. டிரினிட்டி பதவியோ நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே. இந்த நிலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து விரிவுரையாற்ற அழைப்பு வந்தது. அங்கே சில மாதங்கள் தங்கினார். அவர் பேச்சைக் கேட்டவர்களும் ஆய்வைப் படித்தவர்களும் அவர் தரத்தை உணர்ந்தனர். ஹார்வர்டு ஒரு பதவி தர முன்வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகமும் அழைத்தது. 1937இல் யெர்க்ஸில் சேர்ந்த சந்திரசேகர், 1995இல் மறையும் வரை சிகாகோ பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். எடிங்டன் கேலி செய்த அதே ஆய்வுத் துறைக்காக 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

மாணவர்களே, ஆய்வுப் பணி தேடும்போது விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் துறையில் யார் என்ன ஆய்வு செய்கிறார் என்று படியுங்கள். அவருடைய ஆய்வோடு உங்கள் ஆய்வு எங்கே இணைகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, உங்கள் கட்டுரையுடன் அவருக்கே அனுப்புங்கள். பல இடங்களில் இந்தப் பணிக்கான சம்பளம் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்துதான் வருகிறது, முடிவெடுப்பவரும் அவரே. மாநாடுகளில் பேசுங்கள். ஒரே விண்ணப்பத்தை நம்பி இருக்காமல் இரண்டாம் வழியையும் தயார் செய்யுங்கள். பட்டம் கைக்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே இந்தத் தேடலைத் தொடங்கிவிடுங்கள்.