வெள்ளிநாவினர் சாஸ்திரியார்

பள்ளிகளில் நிகழும் பேச்சுப் போட்டிகளில் மேடையேறும் மாணவருட் சிலர், குரலை உயர்த்தி முழங்குவதே வெற்றிக்கு வழி என்று எண்ணுவர். குரலை உயர்த்தாமலே உலகப் பேரவைகளைத் தம் வயப்படுத்திய தமிழர் ஒருவர் இருந்தார். அவரே வெள்ளிநாவினர் எனப் புகழ்பெற்ற வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

அந்நாளைய தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில், ஏழைப் புரோகிதர் ஒருவர் இல்லத்தில், 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் அவர் பிறந்தார். கும்பகோணத்தில் பயின்று 1887-இல் பட்டம் பெற்றார். மாயூரத்திலும் சேலத்திலும் ஆசிரியப் பணி புரிந்தபின், 1894-இல் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். சொல்லின் பொருளும் ஒலியும் இம்மியும் பிழைபடலாகாது என்பது அவர் கொள்கை. பின்னாளில் உலகம் வியந்த நாவன்மை வகுப்பறையிலேயே பண்பட்டது எனலாம்.

1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். 1921-இல் இலண்டனில் கூடிய பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் வாழும் இந்தியர்க்குச் சம உரிமை வேண்டுமென வாதாடினார். பிற நாடுகள் இசைந்தன; தென்னாப்பிரிக்கா மட்டும் இசையவில்லை.

இசையாத அந்நாட்டிற்கே 1927-இல் அவர் இந்திய அரசின் முதற் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்றோரின் வழிவந்த தமிழரும் பிற இந்தியரும் ஆங்கே இழிவாக நடத்தப்பட்டனர். உயர்நிலைக் கல்வியோ அவர்தம் சிறார்க்கு எட்டாக்கனியாய் இருந்தது. ஊர்தோறும் சென்று வெள்ளையரிடையே இந்தியர்க்காகப் பேசினார் சாஸ்திரியார். 1928-இல் கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் பேசுங்கால் வெறிகொண்ட கூட்டம் ஒன்று உட்புகுந்து கூட்டத்தைக் குலைத்தது. அவர் வெகுளவில்லை, அமளி ஓய்ந்தபின் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அவர்தம் முயற்சியால் இந்திய மக்கள் பொருள் திரட்டினர். 1929-இல் டர்பன் நகரில் இந்திய மாணவர்க்கென உயர்நிலைப் பள்ளி ஒன்று எழுந்தது. அதற்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயரிட்டனர்.

அவருடைய மென்மை நம் நாட்டில் எல்லார்க்கும் உவப்பாக இல்லை. காந்தியடிகள் அவரைத் தமையனார்போல் மதித்தும், ஒத்துழையாமை இயக்கத்தில் இருவரும் வேறுபட்டே நின்றனர். அத்துணை நாநலமும் பெரும்பாலும் ஆங்கிலத்திற்கே பயன்பட்டது என்பது தமிழன்பர்க்கு நீங்காத குறை.

1935 முதல் 1940 வரை அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கினார். விக்கிரவாண்டியும் சிதம்பரமும் தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்த காலம் அது. உடல் தளர்ந்த முதுமையிலும், 1944-இல் சென்னை மயிலாப்பூரில் இராமாயணம்பற்றி முப்பது சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவற்றைக் கேட்கத் திரள்திரளாக மக்கள் கூடினர். 1946-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அந்த நா ஓய்ந்தது.