மாலிக் அம்பரின் இறைநெறி

இஸ்லாமிய வரலாற்றில் அபிசீனியா அன்போடு நினைக்கப்படும் நாடாகும். மக்கத்துக் கொடுமைக்கு ஆளான முதல் முஸ்லிம்களுக்கு கி.பி. 615இல் அடைக்கலம் தந்த நாடு அது. அடிமைத் தளையினின்று விடுபட்டு, தொழுகைக்கு அழைக்கும் முதல் முஅத்தினாக உயர்ந்த ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்களும் அபிசீனிய மரபினரே. அந்நாட்டில் 1548ஆம் ஆண்டளவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்தில் முகலாயப் பேரரசைக் கால் நூற்றாண்டுக் காலம் எதிர்த்து நின்றவர் மாலிக் அம்பர். அவருடைய வீரத்தைப் பலரும் எழுதியுள்ளனர். அவருடைய சமய வாழ்வு எத்தகையது என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

அடிமையும் கல்வியும்

பெற்றோர் இட்ட பெயர் சாப்பு என்பர். இளமையிலேயே அடிமை வணிகர் கைப்பட்டு, செங்கடற்கரையின் மோக்கா துறையில் அவர் விற்கப்பட்டார். வாழவந்தியை உள்ளடக்கிய நம் சேர்வராயன் மலையில் விளையும் காப்பிச் செடிக்கும் எத்தியோப்பியாவே தாயகம். காப்பியை உலகெங்கும் அனுப்பிப் பெயர்பெற்ற துறையும் மோக்காவே. அத்துறையில் மனிதரும் சரக்காக விலைபோயினர் என்பதை நாம் மறத்தலாகாது.

பாக்தாதில் அவரை வாங்கிய மீர் காசிம் என்பார் அவருடைய அறிவுக்கூர்மையைக் கண்டு கல்வி புகட்டினார். இஸ்லாத்தைத் தழுவி, அம்பர் என்னும் பெயரையும் அவர் பெற்றார். பின்னர்த் தக்காணத்திற்குக் கொண்டுவரப்பட்டு, அகமதுநகர் நிசாம்ஷாஹி அரசின் தலைமையமைச்சர் சங்கீஸ் கானிடம் சேர்ந்தார். சங்கீஸ் கானும் ஒருகாலத்தில் அடிமையாயிருந்த அபிசீனியரே. அவர் மறைந்தபின், 1574ஆம் ஆண்டையொட்டி, அவருடைய மனைவியார் அம்பரை விடுதலை செய்தார். அடிமையை விடுவித்தல் உயர்ந்த அறங்களுள் ஒன்றெனத் திருக்குர்ஆன் போதிக்கின்றது. அவ்வறத்தின் பயனைத் தம் வாழ்விலேயே நுகர்ந்தவர் அம்பர்.

ஆட்சியும் அறமும்

1600இல் அகமதுநகர்க் கோட்டை முகலாயர் வசமாயிற்று. அம்பர், நிசாம்ஷாஹி மரபினர் ஒருவரை இரண்டாம் முர்தசா என அரியணையேற்றி, ஆட்சிப் பொறுப்பைத் தாமே சுமந்தார். 1610இல் கட்கி என்னும் நகரை அமைத்தார். பின்னாளில் ஔரங்காபாத் எனப் பெயர்பெற்று, 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரம் அதுவே.

அங்கு அவர் எழுப்பிய பள்ளிவாசல்கள் ஆடம்பரமற்றவை. கருங்கல்லின் எளிமையே அவற்றின் அழகு. ஜும்ஆப் பள்ளிவாசலை ஔரங்கசீப் பின்னாளில் விரிவாக்கினார். பள்ளிவாசல்களோடு நீருக்கும் அம்பர் வழிசெய்தார். குன்றுகளின் நிலத்தடி நீரைக் குழாய்கள், சுரங்கக் கால்வாய்கள் வழியே நகருக்குக் கொணர்ந்த நஹ்ரே அம்பரி அவர் படைப்பாகும். தாகம் தணித்தல் சிறந்த தருமம் என்பது நம் சமய மரபு. அந்நீர் சாதி சமயம் பாராது ஊரார் அனைவருக்கும் பயன்பட்டது.

அரபு நாட்டின் ஹளரமவ்த் பகுதியிலிருந்து அறிஞர்கள் அவருடைய ஆதரவை நாடி வந்தனர். தம் அபிசீனிய வீரர்களுக்குப் போர்ப்பயிற்சியோடு திருக்குர்ஆன் கல்வியும் அவர் அளித்தார் என்பர். 1617இல் அவரை நேரில் கண்ட டச்சு வணிகர் பீட்டர் வான் டென் புரூக்கே, அவர் நாட்டில் நிலவிய ஒழுங்கையும், குடிப்பழக்கத்தை அவர் கடுமையாக ஒறுத்ததையும் குறித்துள்ளார்.

தம் மார்க்கத்தில் உறுதியாய் நின்ற அவர் பிற சமயத்தாரை விலக்கவில்லை. வருவாய்த் துறையில் பிராமணர் பணிபுரிந்தனர். படையில் மராத்தியர் முன்னின்றனர். 1624இல் பாட்வடிப் போரில் அவர் பக்கம் நின்று போரிட்டவர்களுள் சிவாஜியின் தந்தை ஷாஹாஜியும் ஒருவர்.

தராசின் மறுதட்டு

எனினும், புகழுரை மட்டும் வரலாறு ஆகாது. தாம் அடிமையாயிருந்து துன்புற்ற அம்பர், அடிமை முறையை ஒழித்தாரில்லை. அபிசீனிய அடிமைகளை விலைகொடுத்து வாங்கியே தம் படையைப் பெருக்கினார். தம் மகள் அடிமை குலத்தவள் என இழித்துரைக்கப்பட்டதைப் பொறாது, 1610இல் மன்னர் முர்தசாவை நஞ்சூட்டிக் கொல்லச் செய்தார் எனவும் கூறப்படுகின்றது. அரியணைக்கு அருகே வாழ்ந்த அவருக்கும், பழைய இழிபெயர் ஆறாத புண்ணாகவே இருந்திருக்கிறது. ஆயினும் சினத்தை அடக்குதலே வீரம் என்னும் நபிமொழியின் அளவுகோலால், இச்செயல் பிழையென்றே சொல்லப்படும். தொழுகையாளர்க்கும் அதிகாரம் ஒரு சோதனையே.

நிறைவு

1626இல் அவர் மறைந்தார். குல்தாபாதில், சூஃபி ஞானியர் துயிலும் மண்ணில், அவருடைய அடக்கத்தலம் உள்ளது. அவருடைய வெட்டுண்ட தலைமீது தாம் அம்பெய்வதாக ஓவியம் தீட்டச்செய்தார் பேரரசர் ஜஹாங்கீர். ஆனால் அம்பர் மறைந்தபின், முகலாய அரசவை வரலாற்றாசிரியர் முஃதமித் கானே அவருடைய ஆற்றலை வியந்து எழுதினார். ஜஹாங்கீரின் பேரர் ஔரங்கசீப்பும் 1707இல் அதே குல்தாபாதில் அடக்கம் செய்யப்பட்டார். எதிர்த்தோரையும் எதிர்க்கப்பட்டோரையும் ஒரே மண் ஏற்றுக்கொண்டது.

மாணவச் செல்வங்கள் அம்பரிடம் கற்கவேண்டியது யாது? பிறப்பு ஒருவரின் எல்லையன்று. கல்வி அடிமையையும் ஆளாக்கும். இறைவணக்கம் பள்ளிவாசலோடு நில்லாமல் ஊருக்குப் பாயும் நீராகவும் வெளிப்படவேண்டும். அத்துடன், தாம் பெற்ற விடுதலையைப் பிறர்க்கும் வழங்கும்போதே அவ்விடுதலை நிறைவுறும். அம்பர் செய்யாது விட்ட அப்பணி நமக்குரியது.