திண்டிவனத்தில் ஓர் இரவு



ஜவ்வாது மலையில் இருக்கும் அமிர்திக்கு உங்களில் பலர் சுற்றுலா போயிருப்பீர்கள். அருவியில் குளித்து, மான்களையும் மயில்களையும் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். அங்கிருந்து வேலூர் சுமார் 25 கிலோ மீட்டர். இந்த மலைப் பக்கத்து ஊர்களில் யாருக்காவது நோய் முற்றிவிட்டால், உடனே வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிப் போகும்படி பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மருத்துவமனை எப்படிப் பிறந்தது தெரியுமா? அது ஒரு சோகமான இரவில் தொடங்கிய கதை. ஈஸ்டர் பண்டிகையின் பொருளும் அதில் அடங்கியிருக்கிறது.

ஈஸ்டர் என்றால் என்ன? இயேசு கிறிஸ்து ஒரு வெள்ளிக்கிழமை சிலுவையில் அறையப்பட்டு உயிர்விட்டார். மூன்றாம் நாளான ஞாயிறு அதிகாலையில் உயிரோடு எழுந்தார். இது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்த வெள்ளியைப் புனித வெள்ளி என்றும், ஞாயிறை ஈஸ்டர் என்றும் கொண்டாடுகிறார்கள். மனிதர்களைப் பாவத்திலிருந்து மீட்க அவர் தம் உயிரையே கொடுத்தார் என்கிறார்கள். இதற்கு ரட்சிப்பு என்று பெயர். ரட்சிப்பு என்றால் காப்பாற்றுதல். சாவு கடைசி முடிவு அல்ல, அன்பு அதைவிடப் பெரியது என்பதுதான் ஈஸ்டரின் செய்தி.

இனி கதைக்கு வருவோம்.

ஐடா ஸ்கடர் 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அவர் குடும்பம் அமெரிக்காவைச் சேர்ந்தது. தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே மருத்துவப் பணிக்காக இலங்கைக்கு வந்தவர். அப்பாவும் மருத்துவர். ஐடா சிறுமியாக இருந்தபோது, 1876-ல் தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசியால் எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு அவர் தம் கையாலேயே ரொட்டி கொடுத்தார். அந்தக் காட்சிகள் அவர் மனதை மிகவும் வருத்தின. படிப்பதற்காக அமெரிக்கா போன பிறகு, இனி இந்தியாவில் வாழ வேண்டாம் என்றே நினைத்தார்.

தாய்க்கு உடல்நலம் சரியில்லை என்று செய்தி வந்ததால், 1890-ல் திண்டிவனத்துக்குத் திரும்பினார். கொஞ்ச காலம் உதவியாக இருந்துவிட்டு அமெரிக்காவுக்கே போய்விடுவது அவர் எண்ணம்.

ஓர் இரவு வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. வந்தவர் ஒரு பிராமணர். அவருடைய இளம் மனைவி பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. தம் அப்பாவை அழைத்துப் போகும்படி சொன்னார். அந்த மனிதர் மறுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அந்நிய ஆண் ஒருவர் வீட்டுப் பெண்களைப் பார்ப்பதே தவறு என்று நினைத்தார்கள். மருத்துவராக இருந்தாலும் சரி, அனுமதிக்க மாட்டார்கள்!

சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே கோரிக்கை, அதே மறுப்பு. பிறகு இன்னொரு இந்துக் குடும்பத்தலைவர் வந்தார். அவரும் அப்படியே திரும்பிப் போனார். சாதியும் மதமும் வேறு வேறு. மூன்று வீட்டிலும் துன்பம் ஒன்றுதான்.

ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. விசாரித்தால், மூன்று பெண்களுமே இறந்து போயிருந்தார்கள்.

பக்கத்திலேயே மருத்துவர் இருந்தும் மூன்று உயிர்கள் போய்விட்டன. ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால்? ஐடா அறைக்குள் போய் அழுதார், ஜெபம் செய்தார். வெளியே வந்ததும், தாம் மருத்துவம் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். அமெரிக்காவில் வசதியாக வாழும் ஆசையை அன்றே விட்டுவிட்டார்.

1899-ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஒரு வங்கி அதிபர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலருடன் 1900-ல் வேலூர் வந்து சேர்ந்தார். சில மாதங்களில் அப்பா காலமானார். தனியாக நின்ற இளம் டாக்டரை நம்பி வர மக்கள் முதலில் தயங்கினார்கள். ஐடா மனம் தளரவில்லை. வீட்டின் சிறிய அறையிலேயே வைத்தியம் பார்த்தார். இரண்டே ஆண்டுகளில் சுமார் 5,000 பேர் அவரிடம் சிகிச்சை பெற்றார்கள்! 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வர முடியாதவர்களை அவரே தேடிப் போனார். முதலில் மாட்டு வண்டி, பிறகு மோட்டார் கார். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார். வந்தவர் எந்த மதம் என்று அவர் கேட்டதில்லை.

ஒருவர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? நம் ஊர்ப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்று ஐடா முடிவு செய்தார். 1909-ல் செவிலியர் பள்ளியையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மூன்று பேர்கூட விண்ணப்பிக்க மாட்டார்கள் என்று ஓர் அதிகாரி எண்ணினார். வந்த விண்ணப்பங்கள் 151! அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆனது. தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சை 1948-ல் இங்கேதான் உலகிலேயே முதன்முதலாக நடந்தது. இந்தக் கல்லூரியின் மருத்துவர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்கும் சென்று பணி செய்கிறார்கள்.

குழந்தைகளே, ஒரு செய்தியைக் கவனியுங்கள். இயேசு பிறர் தமக்குச் சேவை செய்வதை எதிர்பார்த்து வரவில்லை, தாமே சேவை செய்ய வந்தார் என்ற பைபிள் கருத்துதான் இந்தக் கல்லூரியின் குறிக்கோள். அந்த வசனத்தின் மறுபாதியில், பலரை மீட்பதற்காக அவர் உயிர் கொடுப்பது பற்றிச் சொல்லப்படுகிறது. அதாவது, குறிக்கோளில் இருப்பது முன்பாதி. அதன் பின்பாதிதான் புனித வெள்ளியும் ஈஸ்டரும்! தாம் நம்பிய ரட்சிப்பை ஐடா வாயால் மட்டும் சொல்லவில்லை, கைகளால் செய்து காட்டினார்.

1960 மே மாதம் கொடைக்கானலில், 89-வது வயதில் ஐடா மறைந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அவரிடம் படித்தவர்களும், அவரால் பிழைத்தவர்களும் எத்தனை ஆயிரம் பேர்!

அந்த மூன்று பெண்களின் பெயர்கள்கூட இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுடைய மரணம் வீணாகவில்லை. துக்கத்தைக் கண்டு அழுவது நல்ல மனம். அழுத பிறகு எழுந்து, அடுத்தவருக்கு அந்தத் துக்கம் வராமல் தடுக்க உழைப்பது அதைவிடப் பெரிய மனம். அந்தப் பெரிய மனதை நீங்களும் வளர்த்துக்கொள்ளுங்கள்!