ஆன்ட்ரேயாஸ் ஷ்டீல்

ஆன்ட்ரேயாஸ் ஷ்டீல் (நவம்பர் 10, 1896 – ஜனவரி 14, 1973) ஜெர்மனியைச் சேர்ந்த பொறியியலாளரும் தொழிலதிபரும் ஆவார். மரம் அறுக்கப் பயன்படும் சங்கிலி ரம்பத்தைக் காட்டுக்குள் எடுத்துச் சென்று இயக்கத்தக்க கருவியாக வளர்த்தெடுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். இக்கருவி பேச்சு வழக்கில் செயின் சா என அழைக்கப்படுகிறது. 1926 இல் இவர் ஷ்டுட்கார்ட் நகரில் தொடங்கிய நிறுவனம், 1971 இல் உலகிலேயே மிகுதியாகச் சங்கிலி ரம்பங்களை விற்கும் நிறுவனமாக உயர்ந்தது.

இளமையும் கல்வியும்

ஷ்டீல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிறந்தார். பின்னர் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்றார். படிப்பு முடிந்த பின் மர அறுவை ஆலைகளோடு இவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. அக்காலத்தில் மரங்கள் கோடரியாலும், இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீண்ட ரம்பத்தாலும் வீழ்த்தப்பட்டன. அறுவை ஆலைகளில் நீராவியும் மின்சாரமும் வந்துவிட்ட பின்னரும், காட்டில் மனிதத் தசையின் வலிமையே ஒரே ஆற்றலாக இருந்தது. மரத்தை இயந்திரத்திடம் கொண்டு செல்வதற்கு மாறாக இயந்திரத்தை மரத்திடம் கொண்டு செல்ல வேண்டும் என்னும் எண்ணம் இவருக்கு இச்சூழலில் தோன்றியது.

நிறுவனத்தின் தொடக்கம்

1926 இல் ஷ்டீல் தம் பெயரிலேயே ஒரு பொறியியல் அலுவலகத்தைத் தொடங்கினார். நீராவிக் கொதிகலன்களுக்கான முன்னெரிப்பு அமைப்புகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் அதன் தொடக்ககாலத் தயாரிப்புகளாக இருந்தன. அதே ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் முதல் சங்கிலி ரம்பம் உருவாக்கப்பட்டது. வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்தைத் துண்டுகளாக அறுக்கவே அது பயன்பட்டது. 64 கிலோகிராம் எடை கொண்ட அதனை இயக்க இருவர் தேவைப்பட்டனர். மின்கம்பியின் நீளத்தைத் தாண்டி அதைக் கொண்டு செல்லவும் இயலவில்லை.

இக்குறையை நீக்க 1929 இல் பெட்ரோலால் இயங்கும் ரம்பம் வெளியிடப்பட்டது. 6 குதிரைத்திறன் கொண்ட இதன் எடை 46 கிலோகிராம். இதற்கும் இருவர் தேவைப்பட்டனர் என்றாலும், மின் இணைப்பு இல்லாத காட்டில் நின்ற மரத்தை இயந்திரத்தால் வீழ்த்த இது வழி செய்தது. 1930களில் ஷ்டீல் நிறுவன ரம்பங்கள் வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி செய்யப்பட்டன. மையவிலக்கு விசையால் இயங்கும் கிளட்ச், சங்கிலிக்குத் தானாக எண்ணெய் வழங்கும் அமைப்பு ஆகியன இக்காலத்தில் சேர்க்கப்பட்ட முக்கிய மேம்பாடுகளாகும். முதலாவது அமைப்பு இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது சங்கிலியை நிறுத்தி வைக்கிறது. இரண்டாவது அமைப்பு சங்கிலி சூடேறித் தேய்வதைக் குறைக்கிறது.

கண்டுபிடிப்புக்கு உரியவர் யார்

ஷ்டீல் சில இடங்களில் சங்கிலி ரம்பத்தின் தந்தை எனக் குறிப்பிடப்படுகிறார். எனினும் அக்கருவியை ஒருவர் மட்டுமே கண்டுபிடித்ததாகக் கொள்ள இயலாது. பற்கள் கொண்ட சங்கிலியால் அறுக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஹைன 1830 அளவில் எலும்பு அறுக்கும் கருவியில் பயன்படுத்தினார். 1927 இல் எமில் லெர்ப் என்பவர் தம் பெட்ரோல் ரம்பத்தைத் துரிங்கியா பகுதியின் டோல்மார் மலையில் சோதித்தார். அம்மலையின் பெயரே பின்னர் அவருடைய ரம்பத்தின் வணிகப் பெயராயிற்று. ஆகவே பெட்ரோல் ரம்பத்தில் லெர்ப் இவருக்கு முந்தியவர். ரம்பத்தின் எடையைத் தொடர்ந்து குறைத்துத் தனியொரு தொழிலாளியின் கைக்கு அதைக் கொண்டு வந்ததே ஷ்டீலின் தனிப் பங்களிப்பு எனலாம்.

நாட்சி ஆட்சிக் காலம்

ஷ்டீல் நாட்சி கட்சியிலும் எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினராக இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது இவருடைய நிறுவனம் ஜெர்மானியப் படைக்கும் ரம்பங்களைத் தயாரித்தது. போர்க்காலத்தில் வான் தாக்குதலின் காரணமாக உற்பத்தி ஷ்டுட்கார்ட்டுக்கு அருகிலுள்ள வைப்லிங்கன் பகுதிக்கு மாற்றப்பட்டது. போர் முடிந்த பின் இவர் நேச நாடுகளால் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். விடுதலையான பின் மீண்டும் நிறுவனப் பொறுப்பை ஏற்றார். இவருடைய தொழில் சாதனைகளைக் கூறும் வரலாறுகள் இப்பகுதியைப் பெரும்பாலும் சுருக்கமாகவே கடந்து செல்கின்றன.

ஒருவர் கையாளும் ரம்பம்

1950 இல் வெளிவந்த பி.எல். என்னும் ரம்பம், ஒருவரே இயக்கக்கூடிய ஷ்டீல் நிறுவனத்தின் முதல் பெட்ரோல் ரம்பமாகும். இதன் எடை 16 கிலோகிராம். 1959 இல் கான்ட்ரா என்னும் ரம்பம் வெளியிடப்பட்டது. இதில் பல்லிணைப் பெட்டி நீக்கப்பட்டு, இயந்திரத்தின் சுழற்சி நேரடியாகச் சங்கிலிக்குச் செலுத்தப்பட்டது. ஏறத்தாழ 12 கிலோகிராம் எடையும் 6 குதிரைத்திறனும் கொண்டிருந்த இது, எந்தக் கோணத்தில் பிடித்தாலும் இயங்கியது. 1929 ஆம் ஆண்டு ரம்பத்தின் அதே திறன், 30 ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு எடைக்குள் அடங்கிவிட்டதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

சங்கிலியின் வளர்ச்சி

ரம்பத்தின் வெட்டும் உறுப்பான சங்கிலி அமெரிக்காவில் பெரும் மாற்றம் பெற்றது. தொடக்ககாலச் சங்கிலிகளின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போன்று மரத்தைச் சுரண்டின. அவற்றைக் கூர்தீட்டுவதும் கடினமாக இருந்தது. 1946 இல் மரம் வெட்டும் தொழிலாளியான ஜோசப் பியூபர்ட் காக்ஸ், அடிமரம் ஒன்றில் வண்டுப் புழு தன் வளைந்த தாடைகளால் மரத்தை இருபுறமும் குடைந்து செல்வதைக் கவனித்தார். அத்தாடையின் வடிவில் இடமும் வலமுமாக மாறி மாறி அமைந்த வெட்டுப் பற்களை உருவாக்கி, 1947 இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலிருந்து விற்கத் தொடங்கினார். பிற்காலச் சங்கிலிகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே அடிப்படையாகக் கொண்டவை.

சங்கிலியைப் பொருத்துதலும் இறுக்குதலும்

சங்கிலி ரம்பத்தில் சங்கிலி ஒரு தட்டையான எஃகுச் சட்டத்தைச் சுற்றி ஓடுகிறது. சங்கிலியின் உட்புறம் நீண்டிருக்கும் கண்ணிகள் சட்டத்தின் விளிம்பிலுள்ள காடியில் அமர்கின்றன. இயந்திரத்தின் பக்கம் உள்ள பற்சக்கரம் அக்கண்ணிகளைப் பற்றி இழுக்கிறது. சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வரையிலான வேகத்தில் ஓடக்கூடும் என்பதால், அதன் இறுக்கம் இன்றியமையாதது. தளர்ந்த சங்கிலி காடியிலிருந்து கழன்று இயக்குபவர் மீது பாயலாம். மிகை இறுக்கம் சட்டத்தையும் தாங்கிகளையும் தேய்க்கிறது.

பொருத்தும் வேலைக்கு முன் பெட்ரோல் ரம்பத்தின் இயந்திரம் நிறுத்தப்படுகிறது; கம்பி கொண்ட மின் ரம்பத்தின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது; மின்கல ரம்பத்திலிருந்து மின்கலம் கழற்றப்படுகிறது. மின்கல ரம்பம் ஓசையின்றி ஆயத்த நிலையில் இருப்பதால், விசை தவறுதலாக அழுத்தப்பட்டாலும் உடனே ஓடத் தொடங்கும். எனவே மின்கலத்தைக் கழற்றாமல் சங்கிலியைத் தொடுவது ஆபத்தானது. ஓடாத சங்கிலியும் கையை வெட்டும் என்பதால் கையுறை அணியப்படுகிறது.

பக்க மூடியைக் கழற்றிய பின், சட்டத்தின் மேல் விளிம்பில் வெட்டுப் பற்களின் கூர்முனை சட்டத்தின் நுனியை நோக்கி இருக்குமாறு சங்கிலி பொருத்தப்படுகிறது. தலைகீழாகப் பொருத்தப்பட்ட சங்கிலி மரத்தை அறுக்காமல் தேய்த்துப் புகையச் செய்யும். இறுக்கும் பொறியின் சிறு முளை சட்டத்திலுள்ள துளையில் அமர்ந்ததை உறுதி செய்தபின் மூடியும் நட்டுகளும் கையால் இறுக்கப்படுகின்றன. பின்னர் சட்டத்தின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி இறுக்குத் திருகு திருப்பப்படுகிறது. சங்கிலி சட்டத்தின் அடிப்புறத்தை ஒட்டி நிற்கவும் வேண்டும்; தடை விசையை விடுவித்துக் கையால் இழுத்தால் தடையின்றி நகரவும் வேண்டும். நுனியைத் தூக்கிய நிலையிலேயே நட்டுகள் முழுமையாக முடுக்கப்படுகின்றன.

புதிய சங்கிலி முதல் சில நிமிடங்களிலேயே நீள்வதால், சிறிது நேரம் அறுத்தபின் மின்கலத்தைக் கழற்றி மீண்டும் சரிபார்க்க வேண்டும். சூடேறிய சங்கிலியும் விரிந்து தொங்கும். அந்நிலையில் இறுக்கினால் வேலை முடிந்ததும் தளர்த்த வேண்டும். இல்லையெனில் குளிரும்போது சுருங்கிச் சட்டத்தையும் தண்டையும் பாதிக்கும்.

பாதுகாப்பு அமைப்புகள்

ரம்பத்தின் எடை குறைந்தபோது புதிய ஆபத்துகள் தோன்றின. சட்ட நுனியின் மேற்பகுதி மரத்தில் படும்போது ரம்பம் திடீரென இயக்குபவரை நோக்கி எகிறுகிறது. கைப்பிடியின் இடைவிடாத அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, வெண்விரல் நோய் எனப்படும் பாதிப்பை உண்டாக்குகிறது. 1960களின் நடுப்பகுதியில் அதிர்வைக் குறைக்கும் கைப்பிடியை ஷ்டீல் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. ரம்பம் எகிறும்போது சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்தும் தடை அமைப்பு 1972 இல் வந்தது. முதல் ரம்பத்துக்கும் இத்தடைக்கும் இடையே 46 ஆண்டுகள் கடந்திருந்தன.

எண்ணெய் இடுதல், கிளட்ச், தடை ஆகிய வேலைகள் படிப்படியாக இயந்திரத்தின் பொறுப்புக்கு மாறின. சங்கிலியின் இறுக்கத்தைப் பார்த்துச் சரிசெய்வது மட்டும் பெரும்பாலான ரம்பங்களில் இயக்குபவரின் கையிலேயே விடப்பட்டுள்ளது.

இறுதிக் காலம்

ஷ்டீல் 1973 இல் தம் 76 ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின் அவருடைய மகன் ஹான்ஸ் பீட்டர் ஷ்டீல் நிறுவனத் தலைமையை ஏற்றார். மகள் எவா மயர்-ஷ்டீல் (1935–2022) நிருவாகத்தில் முக்கியப் பங்காற்றினார். நிறுவனத்தின் தலைமையகம் வைப்லிங்கனில் அமைந்துள்ளது. மின்கம்பியின் நீளத்துக்குள் அடங்கிய ரம்பத்தோடு தொடங்கிய இந்நிறுவனம், பிற்காலத்தில் கம்பியற்ற மின்கல ரம்பங்களையும் தயாரிக்கத் தொடங்கியது.