நடிகர்க்கு நூல் தந்த நல்லாசிரியர்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துப் போற்றுவது நம் முன்னோர் மரபு. அம்மூன்றனுள் இயற்றமிழுக்கு இலக்கண நூல்கள் பல உள. இசைத்தமிழுக்கும் பண்ணமைந்த பாடல்கள் வழிவழியாக வந்துள்ளன. நாடகத்தமிழின் நிலையோ வேறு. பரதம், அகத்தியம் முதலிய பழைய நாடக நூல்கள் மறைந்துவிட்டன என்று, சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் தம் காலத்திலேயே குறித்துள்ளார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் ஆகியவற்றிலும் சிற்சில நூற்பாக்களே அந்நாளில் எஞ்சியிருந்தன. ஆகவே, 19ஆம் நூற்றாண்டில் நடிகனாக விரும்பிய தமிழ் இளைஞன் ஒருவன், தன் கலையைக் கற்க எந்நூலை எடுப்பது என்று அறியாது மயங்கினான். அக்குறையைத் தம் உழைப்பால் பெரிதும் தீர்த்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார்.

கோவில்பட்டியிலிருந்து தென்கிழக்கே தூத்துக்குடிக் கடற்கரை நோக்கிப் பரந்து கிடப்பது கரிசற் காடு. அது வற்றாத ஆறு பாயாத நிலம். மழை பொய்த்தால் விளைவும் பொய்த்துவிடும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அக்கருமண், ஐப்பசி மழையைத் தன்னுள் பொதிந்து வைத்துக்கொண்டு, பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் பல நாள் காத்து வளர்க்கும். வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தபின், ஊர்க் கோயில் கொடைக்கு இரவெல்லாம் கூத்து நடைபெறும். எழுதப் படிக்கத் தெரியாத உழவரும், இராமன் கதையையும் பாண்டவர் கதையையும் அக்கூத்தின் வாயிலாகவே அறிந்தனர்.

இத்தகைய நாட்டில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் சங்கரதாஸ் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப் பிள்ளை, தாயார் பேச்சியம்மாள். தந்தையார் இராமாயணத்தில் பெரும்புலமை உடையவர். மக்கள் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தனர். அவரே மைந்தர்க்கு முதலாசிரியரும் ஆனார். பின்னர்ச் சங்கரதாஸ், பழனி தண்டபாணி சுவாமிகளை அடைந்து தமிழிலக்கணமும் இலக்கியமும் பயின்றார். பதினாறு வயதளவிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் இயற்றும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் அவர் நாடக மேடைக்குக் கொண்டு சென்ற செல்வம் இப்புலமையே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வாழ்க்கைக்குப் பொருள் வேண்டுமன்றோ? அதன் பொருட்டு அவர் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராக அமர்ந்தார். மாதந்தோறும் ஊதியம் தவறாது கிடைத்த பணி அது. நாடகமாடுவோரையோ அக்காலத்து மக்கள் கூத்தாடிகள் என்று இகழ்ந்தனர். எனினும் உள்ளம் கலையையே நாடியது. 1891ஆம் ஆண்டில், தம் 24ஆம் வயதில், அவர் கணக்கர் பணியைத் துறந்து நாடக வாழ்க்கையை மேற்கொண்டார். அதே ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஒருவர் கற்றோர் சபைக்கும், மற்றவர் ஊர் ஊராகச் சென்று ஆடிய தொழில் நடிகர்க்கும் வழிகாட்டினர்.

சங்கரதாஸ் முதலில் நடிகராகவே விளங்கினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவர்க்குப் பெரும்புகழ் தந்தன. நெடிய உருவமும் இடிக்குரலும் கண்டோரை நடுங்கச் செய்தன. சனீசுவரன் வேடமிட்டு ஆடிய இரவு கழிந்து, விடியற்காலையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அவர்தம் எமன் வேடத்தைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி கருச்சிதைந்து துன்புற்றாள் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்குகிறது. தம் கலையின் வன்மை பிறர்க்குத் துன்பமாயிற்றே என வருந்திய அவர், அவ்வேடங்களைக் கைவிட்டார். கைதட்டலும் புகழும் குவிந்த நேரத்தில் மேடையினின்று விலகுதல் எளிதன்று. அவர் விலகினார், அதன்பின் பிறரை நடிக்கச் செய்யும் ஆசிரியரானார்.

இடையில் அவர் துறவுள்ளம் கொண்டு திருத்தலங்கள் பலவற்றுக்கும் சென்றார். அது முதலே மக்கள் அவரைச் சுவாமிகள் என்று அழைத்தனர். கஞ்சிரா இசையில் புகழ்பெற்ற புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையோடு பழகித் தாள நுட்பங்களையும் சந்தங்களையும் ஆழ்ந்து அறிந்தார். மீண்டும் நாடகத்திற்குத் திரும்பிய அவர், வள்ளி வைத்தியநாத ஐயர், வேலு நாயர் முதலியோர் நடத்திய சபைகளில் ஆசிரியராக விளங்கினார்.

அந்நாளைய மேடையின் நிலையைச் சிறிது காண்போம். நாடகத்தில் பெரும்பகுதி பாட்டாகவே இருந்தது. உரையாடல், நடிப்பவர் வாய்க்கு வந்தவாறு அமைந்தது. பாட்டில் வல்ல நடிகர் கதையை மறந்து பாடிக்கொண்டே இருப்பார். சொல்வன்மை மிக்கவர் எதிரில் நிற்பவரை மடக்க முனைந்து பாத்திரத்தின் இயல்பைக் கெடுப்பார். சுவாமிகள் இதற்கு வரம்பு கோலினார். தொடக்கம் முதல் முடிவு வரை பாடலும் உரையாடலும் எழுதி அமைத்த நாடகங்களை அவர் ஆக்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, சதி சுலோசனா, நல்லதங்காள், பிரகலாதன் என அவர் எழுதியவை நாற்பதுக்கும் மேற்பட்டவை. வடமொழி மிருச்சகடிகத்தையும், ஆங்கில நாட்டுச் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியத்தையும் தமிழ் மேடைக்கு ஏற்றவாறு அமைத்தார்.

அந்நாடகங்களில் சிறப்பாகக் குறிக்கத்தக்கது ஒன்று உண்டு. திருக்குறள், நாலடியார், ஔவையார் நீதிநூல்கள் ஆகியவற்றின் கருத்துகளையும் தொடர்களையும் பாத்திரங்களின் பேச்சில் அவர் இழைத்து வைத்தார். பாடம் செய்த நடிகன் தன்னை அறியாமலே இலக்கியம் கற்றான். மணலிலும் புழுதியிலும் அமர்ந்து கேட்ட மக்களும் நூல் தொடாமலே நூற்பொருள் பெற்றனர். நடிகன் கற்க வேண்டிய நூல்கள் எவை என்னும் வினாவிற்குச் சுவாமிகள் தந்த விடை இதுவே. நடிப்பு நுணுக்கத்தை மட்டும் கூறும் நூல் போதாது. மொழியையும் வாழ்க்கையையும் கற்பிக்கும் நூல்கள் முதலில் வேண்டும் என அவர் கருதினார்.

வளர்ந்த நடிகர்களைத் திருத்துதல் அரிது என்பதையும் அவர் கண்டார். குறித்த நேரத்தில் வாராமையும், எழுதியதைப் பேசாமையும் பலரிடம் பழகிவிட்ட குற்றங்கள். ஆதலின் சிறுவரைக் கொண்டே நாடகம் நடத்தத் துணிந்தார். 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபை தோன்றியது. பிற்காலத்தில் தம் இசையால் தமிழகத்தை ஈர்த்த எஸ்.ஜி. கிட்டப்பா அச்சபையில் பயின்றவர். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை நிறுவப்பெற்றது. டி.கே.எஸ். சகோதரர்கள் இதில் சேர்ந்தனர். அவர்களுள் சண்முகம் அப்போது ஆறு வயதுக் குழந்தை.

சபை வீடே சிறுவர்க்குப் பள்ளியாயிற்று. உண்பதும் உறங்குவதும் அங்கேயே. காலையில் பாட்டும், பின்னர் வசனப் பாடமும், இரவில் நாடகமுமாக நாள்கள் கழிந்தன. எழுத்தறியாச் சிறுவர்க்கு ஆசிரியர் வாயால் சொல்லியே பாடமாக்குவார். ஒலி பிழைபட்டால் பொறார்; லகரமும் ளகரமும் ழகரமும் தத்தம் ஒலியோடு வருதல் வேண்டும். பெண் வேடத்தையும் சிறுவரே ஏற்றனர். அவ்வாழ்க்கை எளிதன்று. பெற்றோரைப் பிரிந்து, முறையான பள்ளிக் கல்வி இழந்து, ஊர் ஊராகச் சென்ற அச்சிறுவர்கள், குரல் உடையும் பருவத்தில் தம் வேடத்தையும் இழக்க நேர்ந்தது. அத்தகையோர்க்கு எஞ்சிய செல்வம், சுவாமிகள் நெஞ்சில் பதித்த தமிழ் ஒன்றேயாகும்.

அவர்தம் எழுத்தின் விரைவு வியக்கத்தக்கது. அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். அந்நாடகம் மேடையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடைபெறுவது. மாலையில் விளக்கும் தாளும் வேண்டிப் பெற்றவர், பொழுது விடிந்தபோது சிறுவர் கையில் நாடகத்தைக் கொடுத்தார். பல்லாண்டுகள் கற்ற கல்வியே அந்த ஓர் இரவில் அவருக்குக் கைகொடுத்தது.

1921ஆம் ஆண்டளவில் கொடிய பக்கவாத நோய் அவரைத் தாக்கியது. எழுதிய கை செயலற்றது; அரங்கை அதிர வைத்த நாவும் அடங்கியது. ஆசிரியர்க்கு அதனினும் பெருந்துயர் யாது? எனினும் அவர் மாணவரை விட்டுப் பிரியவில்லை. சபை சென்ற ஊர்களுக்கெல்லாம் அவரும் சென்றார். அவர் சொல்ல இயலாத சொற்களைச் சிறுவர் மேடையில் சொல்லினர். 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். அவர்தம் சமாதி அந்நகரின் கருவடிக்குப்பத்தில் உள்ளது.

சுவாமிகளின் நாடகங்கள் நெடுங்காலம் கையெழுத்துப் படிகளாகவும் நடிகர் நினைவிலுமே வாழ்ந்தன. அவரிடம் பாடம் கேட்ட சண்முகம் முதலியோர் 1925ஆம் ஆண்டில் தமக்கெனச் சபை கண்டு, ஆசிரியர் வகுத்த ஒழுங்கைக் காத்தனர். சண்முகம் பின்னாளில் நாடகக் கலை என்னும் நூலையும், எனது நாடக வாழ்க்கை என்னும் தன்வரலாற்றையும் எழுதினார். பரிதிமாற் கலைஞர் 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடகவியல், விபுலாநந்த அடிகளின் மதங்க சூளாமணி, பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத் தமிழ், நாடக மேடை நினைவுகள் ஆகியனவும் நடிப்புத் தொழிலை விரும்பும் இளைஞர் கற்கத்தக்கவை. நூலின்றி மயங்கிய காலம் இவ்வாறு நீங்கியது.

கரிசற் காட்டு ஊர்களில் இன்றும் திருவிழாவின்போது வள்ளி திருமணம் நடைபெறுகிறது. நாரதராக வருபவர் ஓர் ஊரினர்; வள்ளியாக நடிப்பவர் வேறோர் ஊரினர்; ஆர்மோனியம் வாசிப்பவர் மற்றோர் ஊரினர். முன்னர்க் கூடி ஒத்திகை பார்க்காமலே அவர்கள் அன்றிரவு மேடையேறுவதும் உண்டு. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தொடுகின்றனர். கதை தடையின்றிச் செல்கின்றது. அனைவரும் ஒரே ஆசிரியரின் பாடத்தை மனத்தில் கொண்டிருப்பதே அதற்குக் காரணம். மாணவர்களே, உங்கள் ஊரில் அந்நாடகம் நடைபெறும்போது, ஆர்மோனியத்தின் ஓசைக்கு நடுவே எழும் தமிழைச் செவிகொடுத்துக் கேளுங்கள். காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அப்புலவர் எழுதித் தந்த தமிழ் அது.