கற்களைத் தேடிய ராபர்ட் புரூஸ் பூட்



டிரைலோபைட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிரினம் அது. மரவட்டை போல உடல் மடிப்பு மடிப்பாக இருக்கும். ஆபத்து வந்தால் சுருண்டுகொள்ளும். அதில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தன. இன்று ஒன்றுகூட உயிரோடு இல்லை. பாறையில் பதிந்த அச்சுகள்தான் மிச்சம்.

நான் கும்மிடிப்பூண்டி பக்கத்தில் ஆசிரியராக வேலை பார்த்தபோது, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டான். மறுநாளே சாலை போடக் கொட்டியிருந்த சரளைக் குவியலில் இருந்து ஒரு கல்லை எடுத்து வந்து, டிரைலோபைட்தானே என்று கேட்டான். உள்ளங்கையை விடப் பெரிய கல். ஒரு முனை கூராக, மாங்கொட்டை வடிவில் இருந்தது. அது வெறும் கல் என்று சொல்லி, ஜன்னல் வழியே வெளியே எறிந்துவிட்டேன். டிரைலோபைட் இல்லை என்று நான் சொன்னது சரி. எறிந்தது சரியா? அதைச் சொல்லத்தான் ராபர்ட் புரூஸ் பூட் என்பவரின் கதைக்கு வருகிறேன்.

இவர் 1834-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். இந்தியாவில் எந்த இடத்தில் என்ன பாறை, என்ன தாது இருக்கிறது என்று ஆராய்வதற்காக அப்போதைய அரசு ஒரு துறையை வைத்திருந்தது. 1858-ம் ஆண்டின் கடைசியில் அந்த நிலவியல் துறையில் பூட் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. வேலை சென்னை மாகாணத்தில்.

வேலை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து செய்வதல்ல. கூடாரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். ஓடை, கிணறு, பள்ளம் எங்கே மண் வெட்டுப்பட்டிருந்தாலும் இறங்கிப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டி, குறிப்பெழுதி, வரைபடம் தயாரிக்க வேண்டும்.

இங்கே பூட்டின் மாமனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அவர் பெயர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் இருந்து தமிழ் கற்றவர். ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874-ல் புத்தகமாக்கியவர். மாமனார் பழமொழி சேர்த்தார், மருமகன் கல் சேர்த்தார்!

1863-ம் ஆண்டு மே 30. பூட் பல்லாவரத்தில், படைவீரர்கள் அணிவகுக்கும் மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை வெட்டிய ஒரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிப் போட்டிருந்த கற்களுக்கு நடுவில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. மற்றவர்கள் பார்த்தால் அதுவும் சரளைதான். பூட் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர் என்ன பார்த்தார் தெரியுமா? ஆற்றில் உருண்ட கல் கூழாங்கல்லாக வழவழப்பாக இருக்கும். தானாக உடைந்த கல் ஒரு பக்கம் மட்டும் தாறுமாறாகச் சிதறியிருக்கும். இந்தக் கல்லோ இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்க்கப்பட்டிருந்தது. இடமும் வலமும் ஒத்திருந்தன. ஓரம் கூராக இருந்தது. இன்னொரு கல்லால் யாரோ வேண்டுமென்றே தட்டித் தட்டிச் செய்தால்தான் இப்படி வரும். பழைய கற்கால மனிதன் செய்த கைக்கோடரி அது!

அந்தக் காலத்தில் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். பிரான்ஸ் நாட்டில் ஆற்றுச் சரளையில் கிடைத்த இத்தகைய கருவிகளை மனிதன் செய்தவை என்று அறிஞர்கள் பலர் ஒப்புக்கொண்டதே 1859-ல்தான். இந்தியாவில் அவ்வளவு பழங்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குப் பூட்டின் கையில் இருந்தது ஒரே ஒரு கல். அதுவும் பள்ளத்திலிருந்து வெளியே எடுத்துப் போட்ட கல். நேற்று யாரோ கொண்டுவந்து போட்டது என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

ஆகவே தேடினார். நான்கே மாதத்தில், செப்டம்பர் 28-ம் தேதி, அவரும் உடன் வேலை பார்த்த வில்லியம் கிங் என்பவரும் நம் திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்ற சிற்றூருக்கு வந்தார்கள். அங்கே ஓடையில் ஒன்றிரண்டல்ல, ஏராளமான கற்கருவிகள்! இந்த வட்டாரத்தில் மண்ணின் மேலே கிடந்தவை மட்டுமின்றி, செம்பூராங்கல் படிவுக்கு உள்ளேயே பதிந்தவையும் கிடைத்தன. படிவுக்குள் இருக்கிறதென்றால், அந்தப் படிவு உண்டாகும்போதே அந்தக் கருவி அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா? பூட் இதையெல்லாம் 1866-ல் எழுதி வெளியிட்டார். 1868-ல் இங்கிலாந்து அறிஞர்கள் முன்னும் வைத்தார்.

இவ்வளவு கருவிகள் ஏன் அத்திரம்பாக்கத்தில்? பக்கத்தில் அல்லிக்குழி மலை இருக்கிறது. உறுதியான குவார்ட்சைட் கூழாங்கற்கள் அதில் நிறைந்திருக்கின்றன. ஆற்றில் தண்ணீர், மலையில் கல். ஆதிமனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, என் மாணவன் தேடிய டிரைலோபைட் ஏன் இங்கே கிடைக்காது? 52 அடி நீளமுள்ள ஒரு கயிறை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை இன்றைய நாள். ஓர் அடி என்பது ஒரு கோடி ஆண்டு. டிரைலோபைட்டுகள் தோன்றியது கயிற்றின் மறுமுனையில். 25-வது அடியில் அவை பூண்டோடு அழிந்தன. ஸ்ரீபெரும்புதூர் முதல் சத்தியவேடு வரை காணப்படும் பாறைப் படிவுகளோ 12, 13-வது அடியைச் சேர்ந்தவை. அவற்றில் இலைகளின் அச்சு கிடைக்கிறது. டிரைலோபைட் எப்படிக் கிடைக்கும்? பரங்கிமலைப் பாறையில் தேடலாமே என்றால், அதற்குக் கயிறே போதாது. அது சுமார் 250-வது அடி! நம் நாட்டில் டிரைலோபைட் வேண்டுமென்றால் இமயமலைக்கு, ஸ்பிதி, காஷ்மீர் பக்கம்தான் போக வேண்டும். அத்திரம்பாக்கத்து மனிதன் இந்தக் கயிற்றில் எங்கே? இன்றைய முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்!

அந்தக் கணக்கு பூட்டுக்குக் கடைசிவரை தெரியாது. கல்லின் வயதை அளக்கும் கருவி அன்று இல்லை. 1999 முதல் சாந்தி பப்பு என்ற அறிஞரின் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் கவனமாகத் தோண்டினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் சில நுண்ணிய தடயங்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துவிட்டால் அவை மெல்ல மெல்லக் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, அங்குள்ள பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த செய்தி அது.

பூட் அத்திரம்பாக்கத்தோடு நின்றுவிடவில்லை. கர்நாடகத்தில் கோகாக் அருகே, பூண்டற்றுப் போன ஒரு காண்டாமிருகத்தின் எலும்புகளைக் கண்டெடுத்து, 1874-ல் அதைப் பற்றி எழுதினார். 1884-ல் ஆந்திராவில் கர்நூல் பக்கத்துக் குகைகளில் பழைய விலங்கு எலும்புகளைத் தேடினார். அந்த வேலையில் அவர் மகன் ஹென்றியும் சேர்ந்துகொண்டார். 33 ஆண்டுகள் உழைத்து 1891-ல் ஓய்வு பெற்றார். அப்புறமும் சும்மா இருக்கவில்லை, பரோடா சமஸ்தானத்துக்காகப் பாறைகளை ஆராயப் போய்விட்டார்! ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏற்காட்டில் வீடு வைத்திருந்தார். 40 ஆண்டுகளில் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருள்களுக்கும் எந்த ஊரில் கிடைத்தது என்று குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அவை வெறும் கல் மூட்டைதான். அந்தச் சேகரிப்பு 1904-ல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. தன் சேகரிப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அச்சாகி வருவதற்குள், 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் காலமானார். அவருக்கு வயது 78. நூல் இரண்டு பாகங்களாக 1914-லும் 1916-லும் வெளிவந்தது. ஏற்காட்டுத் தேவாலயத்தில் அவருடைய நினைவுச் சின்னம் இருக்கிறது.

திருவள்ளூரிலிருந்து பேருந்தில் பூண்டிக்குப் போனால், நீர்த்தேக்கத்துக்கு அருகில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேதான் ஒரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் மாங்கொட்டை வடிவில் ஒரு கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அன்று ஜன்னல் வழியே எறிந்த கல் கைக்கோடரிதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. உங்கள் ஊர் ஓடையிலோ சரளையிலோ அப்படி ஒன்றைக் கண்டால் அதை எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை விடாதீர்கள்.