எண்ணெய்க் கேன் ஏந்திய என்ஜினீயர்

நாச்சாரம் தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு, மௌலாலிப் பக்கமிருந்து வரும் ரெயில் சத்தம் பழகிப்போன ஒன்று. நேரான பாதையில் வண்டி ஒரே தாளத்தில் ஓடும். கூர்மையான வளைவில் திரும்பும்போது மட்டும் காதைக் கிழிப்பதுபோல் ஒரு கிறீச்சொலி எழும்.

அந்த ஒலிக்குக் காரணம் உராய்வு. ரெயில் சக்கரத்தின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பு, வளைவின் வெளித் தண்டவாளத்தை உரசிக்கொண்டே போகிறது. அதனால் தண்டவாளமும் தேய்கிறது, சக்கரமும் தேய்கிறது, என்ஜினின் சக்தியும் வீணாகிறது. இதைத் தடுக்க, தண்டவாளத்தின் உள்பக்க முகத்தில் கிரீஸ் பூச வேண்டும். மேற்பரப்பில் பட்டுவிடக் கூடாது. பட்டால் சக்கரம் வழுக்கும், பிரேக்கும் பிடிக்காது. கேங்மேன்கள் கிரீஸ் டப்பாவும் கையுமாக நடந்து சென்று இந்த வேலையைச் செய்து வந்தார்கள்.

இதற்கென்று தானாக இயங்கும் கருவியும் உண்டு. வளைவு தொடங்கும் இடத்தில், தண்டவாளத்தின் ஓரமாக ஒரு கிரீஸ் பெட்டி இருக்கும். சக்கரம் கடந்து செல்லும்போது ஒரு சிறிய தண்டை அழுத்தும். அந்த அழுத்தத்தில் பம்பு இயங்கி, கொஞ்சம் கிரீஸ் தண்டவாளத்தின் பக்கவாட்டில் வந்து நிற்கும். சக்கரத்தின் விளிம்பு அதைத் தொட்டு வளைவு முழுவதும் இழுத்துச் சென்று பூசிவிடும். ஓடுகிற வண்டி தன் பலத்தைக் கொண்டே தனக்கு மசகு இட்டுக்கொள்கிறது.

இயந்திரத்தை நிறுத்தாமல், அது ஓடும்போதே அதன் சக்தியைக் கொண்டே எண்ணெய் இட வேண்டும் என்ற இந்த எண்ணத்துக்காக ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார். அவர் கவனித்தது தண்டவாளத்தை அல்ல, அதன்மேல் ஓடிய நீராவி என்ஜினை. அவர் பெயர் எலைஜா மெக்காய்.

அடிமைகளின் மகன்

அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களில் கறுப்பின மக்களை ஆடுமாடுகளைப்போல் விலைக்கு வாங்கி விற்ற காலம் அது. கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்த ஜார்ஜ் மெக்காய், மில்ட்ரெட் ஆகிய இருவரும் 1837 வாக்கில் அங்கிருந்து தப்பி வடக்கே ஓடினார்கள். தப்பி ஓடுபவர்களை இரவு நேரங்களில் வீடு வீடாக ஒளித்து வைத்து, எல்லை தாண்டி அனுப்பிய இரகசிய ஏற்பாடு ஒன்று இருந்தது. அதற்குச் சுரங்க ரெயில் பாதை என்று பெயர். ஆனால் அதில் தண்டவாளமும் இல்லை, என்ஜினும் இல்லை. நல்ல மனம் படைத்தவர்களின் வீடுகளே அதன் ஸ்டேஷன்கள்.

அந்த வழியில் கனடா போய்ச் சேர்ந்த தம்பதியருக்கு ஒன்டாரியோவைச் சேர்ந்த கோல்செஸ்டர் என்ற ஊரில் 1844-ம் ஆண்டு மே 2-ந் தேதி எலைஜா பிறந்தார். சிறுவயதிலேயே அவருக்கு இயந்திரங்களில்தான் நாட்டம். பெற்றோர் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார்கள். 15 வயதுப் பையனைக் கப்பலேற்றி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகருக்கு அனுப்பினார்கள். எழுதப் படிக்கவே அடிமைகளுக்கு உரிமை மறுக்கப்பட்ட நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள், தங்கள் மகன் என்ஜினீயராக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

எடின்பரோவில் எலைஜா பயிற்சியாளராகச் சேர்ந்து இயந்திரப் பொறியியலைக் கற்றுத் தேர்ந்தார். அவர் திரும்பியபோது குடும்பம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இப்சிலாண்டி என்ற ஊரில் குடியேறியிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அடிமைமுறையும் ஒழிக்கப்பட்டது.

கிடைத்த வேலை

சட்டம் மாறிவிட்டது. மனம் மாறவில்லை. எடின்பரோவில் படித்த என்ஜினீயர் என்று சொல்லிக்கொண்டு எலைஜா வேலை தேடினார். கறுப்பரை என்ஜினீயராக வைத்துக்கொள்ள எவரும் முன்வரவில்லை. கடைசியில் மிச்சிகன் சென்ட்ரல் ரெயில்வேயில் வேலை கிடைத்தது. என்ஜின் வடிவமைக்கும் வேலை அல்ல. பயர்மேன் வேலை. அத்துடன் எண்ணெய் போடும் வேலையும் சேர்ந்துகொண்டது.

நீராவி என்ஜின் காலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ரெயில்வே தொழிலாளர்களைக் கேட்டால் அந்த வேலையின் கஷ்டம் தெரியும். நெருப்பின் முன் நின்று நிலக்கரி வாரிப் போட வேண்டும். வண்டி நின்றதும் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு கீழே குதிக்க வேண்டும். அச்சுகள், பேரிங்குகள், பிஸ்டனோடு இணைந்த தண்டுகள் என்று உலோகத்தோடு உலோகம் உரசும் ஒவ்வொரு இடத்திலும் எண்ணெய் விட்டுக்கொண்டு என்ஜினைச் சுற்றி வர வேண்டும். ஓரிடம் விட்டுப்போனாலும் அச்சு கொதிக்கும், பேரிங் உருகும், வண்டி நடுவழியில் நிற்கும்.

சிலிண்டருக்கு எண்ணெய் விடுவது இன்னும் ஆபத்து. உள்ளே நீராவி அழுத்தம் இருக்கும்போது மூடியைத் திறக்க முடியாது. டிரைவர் நீராவியை அடைத்ததும், வண்டி சரிவில் தானாக உருண்டுகொண்டிருக்கும் நேரம் பார்த்து, பயர்மேன் என்ஜினின் பக்கவாட்டுப் பலகை வழியே முன்னால் போய், உருக்கிய கொழுப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வருவது அந்நாளைய வழக்கம். கால் இடறினால் உயிர் போய்விடும்.

வேறு யாராக இருந்தாலும் தலைவிதி என்று நொந்துகொண்டு காலம் தள்ளியிருப்பார்கள். எலைஜாவுக்கும் வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் எண்ணெய்க் கேனைப் பிடித்த கைக்கு மேலே ஒரு என்ஜினீயரின் மூளை இருந்தது. படித்த என்ஜினீயர்கள் எண்ணெய் போடுவதில்லை. எண்ணெய் போடுகிறவர்களுக்குப் பொறியியல் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்த என்ஜின்மேல் நின்றார்.

1872

தம் வீட்டிலேயே ஒரு சிறிய பட்டறை வைத்துக்கொண்டு எலைஜா ஆராய்ந்தார். 1872-ம் ஆண்டு ஜூலை மாதம், நீராவி என்ஜினுக்கான தானியங்கி எண்ணெய்க் கிண்ணத்துக்கு அமெரிக்க அரசிடம் பேட்டன்ட் என்னும் காப்புரிமை பெற்றார். அதன் எண் 1,29,843.

கருவியின் தத்துவம் எளியது. சிலிண்டரின்மேல் எண்ணெய் நிரம்பிய ஒரு கிண்ணம். அதன் அடியில் ஒரு வால்வு. என்ஜினுக்குள் பாயும் நீராவியே தன் அழுத்தத்தால் அந்த வால்வைத் திறந்து, எண்ணெயைச் சிலிண்டருக்குள் இறங்க விடும். மனிதனைத் தடுத்த அதே நீராவியை எலைஜா மனிதனுக்குப் பதிலாக வேலை செய்ய வைத்தார். பயர்மேன் பலகை மேல் நடக்க வேண்டியதில்லை. எண்ணெய்க்காக வண்டி நிற்க வேண்டியதும் இல்லை.

தானாக எண்ணெய் விடும் கருவியை முதலில் நினைத்தவர் இவர்தான் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ரெயில்வே என்ஜினீயர் 1860-லேயே வேறு முறையில் ஒரு கருவி செய்திருந்தார். எலைஜாவின் பெருமை ஒரு கண்டுபிடிப்போடு நிற்காமல், பல ஆண்டுகள் அதே பிரச்சினையை விடாமல் தொடர்ந்து, ஒவ்வொரு குறையாகக் களைந்து வந்ததில் இருக்கிறது.

புகழ் தொடங்கிய அந்த 1872-ம் ஆண்டே துயரத்தையும் கொண்டு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் மணந்த மனைவி ஆன் எலிசபெத் அந்த ஆண்டில் காலமானார். மறு ஆண்டு மேரி எலியனோரா டிலேனி என்ற பெண்மணியை அவர் மணந்தார். ஐம்பது ஆண்டுக்காலம் அவருக்குத் துணையாக இருந்தவர் மேரிதான். இருவரும் 1882-ல் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

பெயர் ஒருவருக்கு, பணம் ஒருவருக்கு

எலைஜா தம் வாழ்நாளில் பெற்ற காப்புரிமைகள் 57. பெரும்பாலானவை எண்ணெய் இடும் கருவிகளுக்கு. வீட்டுக்குப் பயன்படும் சிலவும் உண்டு. துணி தேய்க்கும் மடக்கு மேஜைக்கு 1874-லும், புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவிக்கு 1899-லும் உரிமை பெற்றார்.

இவ்வளவு உரிமைகள் இருந்தும் அவர் செல்வந்தர் ஆகவில்லை. கருவியைத் தொழிற்சாலையில் செய்து விற்க முதல் வேண்டும். அது அவரிடம் இல்லை. ஆகவே ஒரு கருவியின் உரிமையை முதலாளிகளுக்கு விற்று, வந்த பணத்தில் அடுத்த கருவிக்கான சோதனைகளைச் செய்தார். முதல் கருவியின் உரிமையே இப்படிக் கைமாறியதுதான். கருவிகள் ரெயில் என்ஜின்களிலும் கப்பல்களிலும் ஏறின. இலாபம் உரிமையை வாங்கியவர்களுக்குப் போனது.

எழுபது வயதில் வெற்றி

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ரெயில்வேக்குப் புதிய தலைவலி வந்தது. நிலக்கரியை மிச்சப்படுத்த, நீராவியை மேலும் சூடேற்றிச் சிலிண்டருக்கு அனுப்பும் முறை பரவியது. பிற்காலத்தில் நம் நாட்டில் ஓடிய பெரிய நீராவி என்ஜின்களும் இந்த வகையே. என்ஜினின் பலம் கூடியது. ஆனால் அந்தக் கடும் வெப்பத்தில் எண்ணெய் கருகிப் பயனற்றுப் போயிற்று. சிலிண்டரும் பிஸ்டனும் வேகமாகத் தேய்ந்தன.

கிராபைட் என்னும் கரித்தூள் வெப்பத்தைத் தாங்கும். பென்சிலுக்குள் இருக்கும் கருப்புப் பொருள் அதுதான். விரலால் தேய்த்தாலே வழவழப்புத் தெரியும். அதை எண்ணெயில் கலந்து விட்டால் போதும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தூள் அடியில் தங்கிக் குழாயை அடைத்துக்கொண்டது. அடைப்பு ஏற்படாமல் கிராபைட்டும் எண்ணெயும் சேர்ந்து ஒரே சீராகப் போய்ச் சேரும் கருவியை எலைஜா அமைத்தார். 1915-ல் அதற்கு உரிமை பெற்றபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தம் கண்டுபிடிப்புகளில் சிறந்தது இதுவே என்பது அவர் கருத்து.

1920-ல் டெட்ராய்டில் தம் பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினார். அதுவரை விற்ற கருவிகள் பிறர் பெயரில் இருந்தன. தம் பெயரைத் தாமே தாங்கிய கருவி வெளிவர அவர் 76 வயதுவரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1922-ல் நடந்த கார் விபத்தில் கணவன், மனைவி இருவருக்கும் பலத்த காயம். மேரி மறு ஆண்டு காலமானார். எலைஜாவின் உடலும் மனமும் தளர்ந்தன, கையிலிருந்த பணமும் கரைந்தது. டெட்ராய்டுக்கு அருகே ஆதரவற்றோரைச் சேர்த்துப் பராமரித்த எலாய்ஸ் என்ற விடுதியில், 1929-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, 85-வது வயதில் அவர் உயிர் நீத்தார்.

அசல் மெக்காய்

ஆங்கிலத்தில் அசல் சரக்கைக் குறிக்க ரியல் மெக்காய் என்று சொல்வதுண்டு. ரெயில்வேக்காரர்கள் போலிக் கருவி வேண்டாம், மெக்காயின் அசல் கருவியே வேண்டும் என்று கேட்டதால் அந்த வழக்கு வந்தது என்பார்கள். அதே ஒலியுள்ள மக்காய் என்ற பெயரோடு இவ்வழக்கு அவருடைய கருவிக்கு முன்பே ஸ்காட்லாந்தில் இருந்ததாகச் சொல்லாராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே அதை அவர் கணக்கில் எழுத வேண்டியதில்லை. அவருக்கு உண்மையான பெருமைகள் போதுமான அளவு உண்டு. 2001-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2012-ல் தலைநகர்ப் பகுதிக்கு வெளியே காப்புரிமை அலுவலகத்தின் முதல் கிளையை அமெரிக்க அரசு டெட்ராய்டில் திறந்தபோது, அதற்கு எலைஜா மெக்காயின் பெயரையே சூட்டியது. தம் உரிமைகளை ஒவ்வொன்றாக விற்க வேண்டியிருந்த மனிதரின் பெயர், உரிமை வழங்கும் அலுவலகத்தின் வாசலில் நிற்கிறது.

நாச்சாரத்துக்கு அடுத்துள்ள லாலாகூடா ரெயில்வே பணிமனை 1893-ல் நிஜாம் ரெயில்வே காலத்தில் தொடங்கியது. நீராவி என்ஜின்கள் 1990-களோடு அன்றாடச் சேவையிலிருந்து விடைபெற்றுவிட்டன. ஊட்டி மலை ரெயில் போன்ற சில இடங்களில் மட்டும் அவற்றைக் காணலாம். ஆனால் மசகு இடும் வேலை எங்கும் ஓயவில்லை. தண்டவாள வளைவில் உள்ள கிரீஸ் பெட்டியிலும், தொழிற்சாலை லேத்துக்குச் சிறு குழாய் வழியே சொட்டுச் சொட்டாக எண்ணெய் அனுப்பும் பம்பிலும் அதே தத்துவம் வேலை செய்கிறது.

இயந்திரம் எங்கே வறண்டு கத்துகிறது என்பது முதலில் தெரிவது எண்ணெய்க் கேன் பிடித்த தொழிலாளிக்கு. அதற்கு அவன் செய்யும் சிறு கைமருந்து பிறகு யாரோ ஒருவர் பெயரில் போய்விடுவதும் உண்டு. நம் நாட்டில் காப்புரிமை 20 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. பெரிய கம்பெனிகளைவிடத் தனி மனிதர்களுக்குக் கட்டணமும் குறைவு. தெலுங்கானாவில் உள்ளவர்களின் விண்ணப்பத்தைக் கவனிப்பது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகமே. புதிதாக ஒன்று தோன்றினால் தேதி போட்டு, படம் வரைந்து, ஒரு நோட்டில் எழுதி வைப்பதும், விண்ணப்பிக்கும் முன் ஊருக்கெல்லாம் சொல்லாமல் இருப்பதும் நல்லது. எலைஜா மெக்காய் தம் பெயரில் ஒரு கம்பெனி காண ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. நாச்சாரத்துத் தொழிலாளி ஒருவர் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.